நிழலில் தெரியும் முகம்

விழுப்புரத்தில் தாத்தாவின் வீட்டுக்கு விடுமுறைக்கு வந்திருந்த மாணவி ஒருத்தி, ஒரு மாலையில் அவரோடு அமர்ந்து 'அந்த நாள்' திரைப்படத்தைப் பார்த்தாள். நடிகர் திலகம் சிவாஜி கணேசன் 1928ஆம் ஆண்டு விழுப்புரத்தில் பிறந்தவர், வி. சி. கணேசன் என்னும் பெயரின் முதலெழுத்து அவ்வூரையே குறிக்கும். தம் ஊர்க் கலைஞரின் பெருமையைப் பேத்தி அறிய வேண்டும் என்பது தாத்தாவின் விருப்பம். படமோ துப்பாக்கி வெடிக்கும் ஓசையுடன் தொடங்கியது. கதைத்தலைவன் தொடக்கத்திலேயே சுடப்பட்டு வீழ்ந்தான். மாணவி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

ஏ.வி.எம். நிறுவனம் தயாரிக்க, வீணைக் கலைஞர் எஸ். பாலசந்தர் இயக்கிய இப்படம் 1954இல் வெளிவந்தது. பாடல்கள் நிறைந்த படங்களே வழக்கமாயிருந்த அக்காலத்தில், ஒரு பாடலும் நடனமும் இன்றி அது எடுக்கப்பட்டது. கொலையைத் துப்பறியும் அதிகாரியிடம் ஒவ்வொருவரும் தாம் அறிந்ததைக் கூறுகின்றனர். ஒவ்வொருவர் சொல்லும் வேறொருவர் மீது ஐயத்தைத் திருப்புகிறது. அகிரா குரோசாவாவின் 'ரஷோமான்' என்னும் ஜப்பானியப் படம் பாலசந்தருக்குத் தூண்டுதலாக அமைந்தது.

ஒளியைக் குறைத்து, நிழலைப் பேசவைக்கும் இம்முறைக்கு ஒரு வரலாறு உண்டு. ஹிட்லரின் ஆட்சியால் ஐரோப்பாவை விட்டு வெளியேறிய ஃபிரிட்ஸ் லாங், பில்லி வைல்டர் போன்ற இயக்குநர்கள் 1940களில் அமெரிக்காவில் குற்றக்கதைகளைப் படமாக்கினர். சாளரத் தட்டிகளின் வழியே விழும் ஒளி, மனிதர்மேல் சிறைக்கம்பிகளைப் போன்ற நிழல்களைப் படியவைத்தது. ஒரே முகத்தின் ஒரு பாதி வெளிச்சத்திலும் மறுபாதி இருளிலும் நின்றது. 1946இல் பிரெஞ்சுத் திறனாய்வாளர்கள் இவ்வகைப் படங்களை 'ஃபிலிம் நுவார்', அதாவது 'கறுப்புத் திரைப்படம்' என அழைத்தனர். நல்லவர் இவர், தீயவர் இவர் என்று முகத்தைப் பார்த்தே முடிவு செய்ய இவை இடந்தருவதில்லை. பார்ப்பவரே ஆராய்ந்து தெளிய வேண்டும். இவற்றின் ஈர்ப்பு அங்கேதான் பிறக்கிறது.

'அந்த நாள்' அவ்வீர்ப்பைத் தமிழ் மண்ணில் வேரூன்றச் செய்தது. 1943 அக்டோபரில் சென்னை மீது ஜப்பானியர் குண்டு வீசிய நாள்களே அதன் பின்னணி. கதைத்தலைவன் ராஜன் திறமை மிக்க வானொலிப் பொறியாளன். அவனது ஆய்வுக்கு அரசின் ஆதரவு கிட்டவில்லை. மனம் கசந்த அவன், நாட்டின் மறைசெய்திகளைப் பகைவருக்கு விற்கத் துணிகிறான். 'பராசக்தி' வழியாக 1952இல் மக்கள் மனத்தைக் கவர்ந்த நடிகர், இரண்டே ஆண்டுகளில் நாட்டைக் காட்டிக்கொடுப்பவனாக நடித்தார். படம் பெரும் வணிக வெற்றி பெறவில்லை. எனினும் தமிழ்த் திரை வரலாற்றில் அதன் இடம் அழியாதது.

படம் முடிந்ததும் மாணவி சொன்னாள்: "ராஜன் பாவம், தாத்தா. அவன் திறமையை யாரும் மதிக்கவில்லையே."

தாத்தா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "எனக்கும் இரக்கமாகத்தான் இருந்தது, கண்ணு. ஆனால், தனக்கு நேர்ந்த அநீதிக்காக ஓர் ஊரையே குண்டுக்கு இரையாக்கலாமா?" என்றார்.

அவளுக்கு உடனே விடை சொல்ல இயலவில்லை. அவன்மேல் கொண்ட இரக்கமும் நீங்கவில்லை. அவன் செய்தது சரியென்று கூறவும் நா எழவில்லை. யார் கூறக் கேட்டாலும் அதன் உண்மையை ஆராய்க என்னும் வள்ளுவர் நெறி, மதிப்பெண்ணுக்காக மனனம் செய்தபோது எளிதாகவே இருந்தது. தனக்குப் பிடித்த ஒருவனை அந்நெறியால் அளக்க நேர்ந்தபோதுதான் அதன் கடுமை அவளுக்குப் புலப்பட்டது.

மறுநாள் இரவு அவள் தொடர்வண்டியில் திண்டிவனம் திரும்பினாள். எதிர் இருக்கையில் ஒருவர் அமர்ந்திருந்தார். வண்டி நிலையங்களைக் கடக்குந்தோறும் அவர் முகத்தில் வெளிச்சம் விழுந்து மறைந்தது. ஒருகணம் கடுமையாகத் தோன்றிய அம்முகம், மறுகணம் களைத்துப்போன முகமாகத் தெரிந்தது. அவர் எப்படிப்பட்டவர் என்று முடிவு செய்ய அவள் விரையவில்லை. திண்டிவனம் வந்ததும் இறங்கி, விளக்கொளியும் நிழலும் மாறிமாறிக் கிடந்த நடைமேடை வழியே வீட்டை நோக்கி நடந்தாள்.