ஸானெனில் என்ன இருக்கிறது?

சுவிட்சர்லாந்துக்குச் செல்வதென்று நாங்கள் முடிவு செய்து ஆறு மாதங்கள் ஆகின்றன. அங்கே எங்கு செல்வது என்பதில்தான் சென்ற வாரம் வரை முடிவு எட்டப்படவில்லை. தியாகராய நகர்ப் பயண முகவர் ஒருவர் ஏழு நாள் திட்டத்தை எங்கள்முன் விரித்தார். டிட்லிஸ், இன்டர்லாகென், 3454 மீட்டர் உயரத்தில் யுங்ஃப்ராவ்யோக் ரயில் நிலையம், மூன்று வேளையும் சைவ உணவு. அதில் ஸானென் இல்லை. "அங்கே என்ன சார் இருக்கு?" என்றார். எங்கள் இருவராலும் பதில் சொல்ல இயலவில்லை.

இலக்கிய வாசகருக்கு ஜே.கே. என்றால் ஜெயகாந்தன், நாங்கள் சொல்வது ஜே. கிருஷ்ணமூர்த்தியை. 1909இல் அடையாற்றுக் கடற்கரையில் பிரம்மஞான சபையாரின் கண்ணில் பட்ட அந்தச் சிறுவன்தான், 1961 முதல் 1985 வரை கோடைதோறும் ஆல்ப்ஸ் மலைக் கிராமமான ஸானெனில் உரையாற்றினார். பெருங்கூடாரம் ஒன்றில் பல நாட்டவர் வந்தமர்ந்து கேட்டார்கள். அவருடைய கடைசிப் பொது உரை 1986 ஜனவரி 4 அன்று, கிரீன்வேஸ் சாலை வசந்த விஹாரில், மரங்களின் கீழ் நிகழ்ந்தது. மணமாகி ஓராண்டுகூட நிறையாத நாங்கள் மயிலாப்பூரிலிருந்து நடந்தே போய் அதைக் கேட்டோம். பாதிக்கு மேல் புரியவில்லை. உரை முடிந்தபின்னும் வெகுநேரம் எழத் தோன்றாமல் இருந்தது மட்டும் நினைவிருக்கிறது. மறுமாதம் 17ஆம் தேதி கலிஃபோர்னியாவில் அவர் காலமானார்.

குருவும் வேண்டாம், புண்ணியத் தலமும் வேண்டாம் என்றவரின் கூடாரம் இருந்த இடத்துக்கு யாத்திரை போவது அவருக்கே அடுக்காது என்பது எங்களில் ஒருவரின் கட்சி. (உண்மைக் காரணம் பனி. இதுவரை தொட்டதில்லை, முழங்கால் இன்னொரு பயணத்துக்கு இடம் தராது.) மற்றவருக்கோ அந்தப் புல்வெளியில் ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். வைப்புநிதியை முடித்து எடுத்த பணம். ஷெங்கன் விசாவுக்கான 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு, வங்கிக் கணக்கு விவரம் என்று செலவும் அலைச்சலும் வேறு. இரண்டையும் சேர்த்துக்கொள்ள நாட்கள் போதவில்லை.

கடைசியில் வழிகாட்டியது ரயில். மோன்த்ரோவிலிருந்து இன்டர்லாகெனுக்கு 2022 டிசம்பர் முதல் இடையில் மாறாமலே போகலாம். வழியில் உள்ள குஷ்டாடில் இறங்கினால் ஸானென் கூப்பிடு தூரம். டிட்லிஸை விட்டுவிட்டோம். பனிக்கு யுங்ஃப்ராவ்யோக் இருக்கிறது.

முகவர் நேற்றுப் புதிய திட்டத்தை அச்சிட்டுத் தந்தார். நான்காம் நாளுக்கு நேரே 'ஓய்வு' என்று போட்டிருக்கிறார்.