களம் ஒழியும் நாள்

நிகழ்ச்சிக்கு இடம் பார்ப்பது இன்று பெரும்பாலும் கட்டடம் பார்ப்பதாகவே பொருள்படுகிறது. எத்தனை நாற்காலி போடலாம், வண்டிகள் எங்கே நிற்கும், மின்சாரம் போனால் ஜெனரேட்டர் உண்டா என்பனவே முதலில் எழும் கேள்விகள். பாலாற்றங்கரைச் சிற்றூரான பழையசீவரத்தில் ஆண்டுக்கொருமுறை கூடும் பெருங்கூட்டத்துக்கு இக்கேள்விகள் பொருந்துவதில்லை. அக்கூட்டத்தின் அரங்கு, சில மாதம் ஆறாகவும் சில மாதம் மணல்வெளியாகவும் கிடப்பது.

மாட்டுப் பொங்கலன்று காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் கடந்து இவ்வூருக்கு எழுந்தருளுகிறார். இறைவன் வேட்டைக்குப் புறப்படுவதாகக் கொள்ளப்படும் இவ்வுலாவுக்குப் பார்வேட்டை என்று பெயர். மலைமேல் மண்டபத்தில் தங்கிய பின், இவ்வூர் இலட்சுமி நரசிம்மரும் உடன்வர, அவர் எதிர்க்கரையிலுள்ள திருமுக்கூடலுக்குச் செல்வார். சாலவாக்கம், காவாந்தண்டலம் ஆகிய ஊர்ப் பெருமாள்களும் அங்கு வந்துசேர, திருமுக்கூடல் அப்பன் வெங்கடேசப் பெருமாளோடு ஐவரும் ஒருங்கே காட்சி தருவார்கள். பாலாறு, செய்யாறு, வேகவதி என்னும் மூன்று ஆறுகள் கூடுமிடம் அது. ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து தை பிறக்கையில் நீர் ஒருபுறம் ஒதுங்கி மணல் வெளிப்படும். சுற்றுவட்டார ஊர்கள் அனைத்தையும் உட்காரவைக்கும் அகலம் கொண்ட, வாடகை கேட்காத நிலம் அது ஒன்றே. விழாவை வகுத்தவர்கள் நாளைத் தேர்ந்தார்களா, மணலைத் தேர்ந்தார்களா என்று பிரித்துச் சொல்வது கடினம்.

கட்டிய அரங்கு தமிழுக்குப் புதிது என்று இதனால் கொள்ளலாகாது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, 24 பெருவிரல் நீளமுள்ள கோலால் அளந்து, 7 கோல் அகலமும் 8 கோல் நீளமும் 1 கோல் உயரமுமாக, இரண்டு வாயில்களோடு அமைந்த மேடையைக் காட்டுகிறது. அதற்கு நிலம் தேரும் முறையை உரையாசிரியர் அடியார்க்கு நல்லார் விரித்துரைக்கிறார்: கோயில், கிணறு, குளம், சோலை முதலியவற்றை விலக்கி, மண்ணின் மணத்தையும் சுவையையும்கூடச் சோதித்து, ஊர் நடுவே தேரோடும் வீதிகளுக்கு எதிர்முகமாக இடம் கொள்ள வேண்டும். வேறொன்றுக்கு உரிய இடத்தை அரங்குக்காகத் தொடக்கூடாது என்பதே இதன் சாரமாகத் தோன்றுகிறது. பழையசீவரத்து வழக்கம் இதற்கு நேர்மாறானது. வேறொன்றுக்கு உரிய இடம் எந்நாளில் ஒழிகிறது என்று பார்த்து, அந்நாளில் மட்டும் அதை அரங்காக்கிக்கொள்வது.

இவ்வழக்கத்தைத் தெருக்கூத்து இன்னும் தூரம் கொண்டுசெல்கிறது. கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் முதலிய அணிகள் மரக்கட்டையில் செய்யப்படுவதால், காஞ்சிபுரம் பகுதியில் இதற்குக் கட்டைக்கூத்து என்ற பெயரும் உண்டு. திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடப்பது கோடையில்; அறுவடை முடிந்து நிலம் சும்மா கிடக்கும் காலம் அது. களரி எனப்படும் ஆடுகளத்துக்கு வேண்டுவன சிலவே: கால் புதையாத கெட்டித் தரை, பின்பாட்டுக்காரரும் மேளக்காரரும் உட்கார ஒரு பெஞ்சு, வேடம் கட்ட ஓர் ஒதுக்கிடம், இருவர் பிடிக்கும் திரை. மூன்று பக்கமும் சனம். முன்வரிசையில் பாய்மேல் குழந்தைகள், பாதியிலேயே தூங்கிவிடுபவர்கள். ஆனால் விழாவின் பிற சடங்குகள் அவ்வளவு எளிதில் அடங்குவன அல்ல. அர்ச்சுனன் தபசுக்கு ஓங்கிய மரம் ஒன்றை நட்டு, நடிகர் பாடிக்கொண்டே அதன்மேல் ஏறுவார்; மேலிருந்து வீசப்படும் எலுமிச்சம்பழத்தைப் பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் மடியேந்திப் பிடிப்பார்கள் என்பதால், மரத்தைச் சுற்றி நல்ல திறந்தவெளி தேவை. துரியோதனன் வீழும் படுகளத்தன்று அவனை மண்ணால் தரையோடு தரையாக, ஒரு வீட்டைவிட நீளமாகவே சமைப்பார்கள். அப்புறம் தீமிதிக்குக் குழி. பதினெட்டு நாள் கதையை நான்கு சுவருக்குள் நடத்துவது ஏன் இயலாது என்பது இம்மூன்றையும் பார்த்தாலே புரியும். பெரிய அரங்கில் குரல் தேயும் என்று கருதி 64 முழ நீளமும் 32 முழ அகலமும் கொண்ட நடுத்தர அரங்கே மனிதர்க்கு ஏற்றது என்கிறது நாட்டிய சாத்திரம். கூத்துக்காரர்களோ உரத்த குரலையும் முகவீணையையும் நம்பித் திறந்தவெளியில் இறங்குகிறார்கள். 1990இல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம் காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் தனக்கென ஓர் அரங்கு அமைத்தபோதும், அதைத் திறந்தவெளியாகவே வைத்துக்கொண்டது.

கூத்தல்லாத கூட்டத்துக்கும் பார்வைதான் இலக்கணம். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலின் சுவர்களில் உள்ள முதலாம் பராந்தக சோழனின் 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள், ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டு எடுக்கும் குடவோலைத் தேர்தலை வகுக்கின்றன. சபை நிறையக் கூடியிருக்க, கோயில் பூசகர்களான நம்பிமாருள் மூத்தவர் எழுந்து குடத்தை எல்லாரும் காணும்படி தூக்கிப் பிடிக்க வேண்டும். உள்ளே இருப்பதை அறியாத சிறுவன் எடுத்துக் கொடுக்கும் ஓலையை மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் வாங்க வேண்டும். கடைசி வரிசையில் உள்ளவனும் கையைப் பார்த்தாக வேண்டும் என்ற கவலை இவ்விதியில் தெரிகிறது. அரங்கமைப்போர் இன்றும் படும் கவலைதான். திருமுக்கூடல் கோயிலிலோ இடத்தின் சிக்கனம் வேறு வகையானது: வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டின்படி, வேதமும் இலக்கணமும் பயிற்றும் பள்ளி, மாணவர் விடுதி, 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை, அதாவது மருத்துவமனை, யாவும் அக்கோயிலைச் சார்ந்தே இயங்கின.

இவ்வட்டாரத்திலும் இப்போது கல்யாண மண்டபங்கள் பெருகிவிட்டன. முகூர்த்தம் குறித்துவிட்டு மண்டபம் தேடியது பழைய வழக்கம். மண்டபம் காலியாக உள்ள தேதிகளை எழுதி வாங்கிக்கொண்டு சோதிடரிடம் போவது புதிய வழக்கம். மணலுக்கு முன்பதிவு இல்லை என்றாலும் அதற்கும் போட்டி உண்டு. பாலாற்று மணல் பல்லாண்டுகளாக லாரிகளில் போயிற்று. பழையசீவரத்தருகே எழுந்த தடுப்பணை இப்போது நீரைத் தேக்குகிறது. அணை நிரம்பினால் கிணறுகள் ஊறும், உழவர் முகம் மலரும். அந்த ஆண்டின் தை இரண்டாம் நாளில் சனங்கள் கரையோரமும் பாலத்தின்மேலும் தோளோடு தோள் நெருக்கி நின்றுதான் ஐந்து பெருமாள்களையும் பார்க்க வேண்டியிருக்கும்.