ஒரே வட்டத்தில் மூன்று சுழற்சி

ஆலத்தியூர்ப் பக்கம் தொலைநோக்கி வைத்திருப்பவனுக்கு ஏப்ரல்தான் அறுவடை மாதம். ஊர் இருப்பது 11 டிகிரி சொச்சம் வட அட்சத்தில். கன்னிக் கேலக்ஸிக் கொத்தின் மையம் பன்னிரண்டரை டிகிரியில். ஏப்ரல் கடைசியில் இரவு பத்தேகால் வாக்கில் அது உச்சந்தலைக்கு நேரே வந்துவிடும். அரியலூர் மாவட்டத்தில் சிமெண்ட் ஆலைகளுக்குக் குறைவில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் அடிவானம் வெளுத்திருக்கும். இருட்டு மிச்சமிருப்பது உச்சியில்தான்.

அதிலும் ஒரு தொல்லை. டாப்சோனியன் தொலைநோக்கியை நட்டுக்குத்தலாக நிமிர்த்தினால், கேலக்ஸி இம்மி நகர்ந்தாலும் பீடத்தை அரைவட்டம் திருப்ப வேண்டியிருக்கும். உச்சிக்கு வர முக்கால் மணி நேரம் இருக்கும்போதே பார்த்துவிடுவது நல்லது. சுண்ணாம்புத் தூசி படிந்த கண்ணாடியைத் துணியால் துடைக்கவே கூடாது. தண்ணீர் விட்டுக் கழுவிக் காயவைக்க வேண்டும், துடைத்தால் கீறல்தான்.

நான் தேடிப்போவது எம்89. மேல்நாட்டார் டெனபோலா என்று சொல்லும் நம் உத்திரத்துக்கும், கன்னி ராசியின் விண்டெமியாட்ரிக்ஸுக்கும் நடுவே எம்84, எம்86 இரண்டும் இருக்கும். அங்கிருந்து தென்கிழக்கே கொஞ்சம் இறங்கினால் எம்87. இன்னும் ஒரு டிகிரி சொச்சம் கிழக்கே போனால் எம்89, 1781 மார்ச் 18 அன்று சார்ல்ஸ் மெசியே கண்டது. பார்வை வட்டம் ஒரு டிகிரி அகலமிருந்தால் அதற்குத் தெற்கே என்ஜிசி 4550, 4551 இரண்டும் கூடவே சிக்கும். எட்டு அங்குலக் கண்ணாடியில் எம்89 வட்டமான மங்கல். மற்ற இரண்டையும் ஓரக்கண்ணால்தான் பிடிக்க வேண்டும். 4550 வடக்குத் தெற்காக நீண்ட கீற்று, 4551 அதைவிடக் குண்டு.

ஐந்து கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கும் இவை சுழல்வது எந்தக் கண்ணுக்கும் தெரியாது. நிறமாலைதான் காட்டும். கேலக்ஸியின் நீள்வாக்கில் பிளவை வைத்து ஒளியைப் பிரித்தால், நம்மை நோக்கி வரும் பக்கத்தின் கோடு நீலத்துக்கும் விலகும் பக்கத்தின் கோடு சிவப்புக்கும் நகரும். அந்தச் சாய்வுதான் சுழற்சி. 4551-ல் சாய்வு ஒழுங்காக இருக்கிறது. பெரிய எம்89-ல் சாய்வு மிகக் குறைவு. விண்மீன்கள் ஆளுக்கொரு திசையில் ஓடுவதால் மொத்தக் கோண உந்தம் சொற்பம். 1992-ல் வேரா ரூபினும் ஜான் கிரஹாமும் ஜெஃப்ரி கென்னியும் 4550 பற்றி வெளியிட்டதுதான் விசேஷம். ஒரே தட்டில் பாதி விண்மீன்கள் ஒரு பக்கமாகவும் பாதி எதிர்ப்பக்கமாகவும் சுற்றுகின்றன. நிறமாலைக் கோடே இரண்டாகப் பிரிந்து கிடந்தது.

நவக்கிரக சந்நிதியில் வலம் வருகிறவர்களுக்கு நடுவே ராகு கேதுவுக்காக இடமாகச் சுற்றுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அங்கே தோள் இடிக்கும். இங்கே விண்மீன்களுக்கு நடுவே வெளி அவ்வளவு பெரிது, இடிப்பதே இல்லை. வாயுவால் மட்டும் அப்படி எதிரெதிராக ஓட முடியாது, மோதி அடங்கிவிடும். ஆகவே ஒரு தட்டு உருவாகி முடிந்தபின், எதிர்த்திசையில் சுழன்றுவந்த வாயு விழுந்து இரண்டாம் தட்டாகியிருக்கலாம். இரண்டு தட்டுகள் தளம் பொருந்தி இணைந்திருக்கவும் கூடும்.

சுழற்சி முதலில் எங்கிருந்து வந்தது? 1949-ல் பிரெட் ஹாயில் சொல்லி, 1969-ல் ஜேம்ஸ் பீபிள்ஸ் கணக்கிட்ட விளக்கம் இது: கோணல்மாணலாகத் திரண்டுகொண்டிருந்த பொருளை அக்கம்பக்கத்துத் திரள்களின் ஈர்ப்பு முறுக்கிவிட்டது. அப்படிக் கிடைத்த உந்தத்தை அழிப்பது சுலபமல்ல. பல திசைகளிலிருந்து வந்த கேலக்ஸிகள் அடுத்தடுத்து இணைந்தால் ஒன்றின் சுழற்சியை மற்றது கழித்துவிடும். எம்89 மாதிரி மந்தச் சுழலிகள் அப்படிப் பிறக்கின்றன என்பதே இன்றைய கருத்து. கன்னிக் கொத்தில் அவை அடர்ந்த நடுப்பகுதியில் குவிந்திருப்பதை 260 கேலக்ஸிகளை அளந்த அட்லஸ்3டி ஆய்வு 2011-ல் காட்டியது. ஆனால் கொத்துக்குள் கேலக்ஸிகள் ஒன்றையொன்று கடக்கும் வேகம் மிக அதிகம், இணைய நேரமிருக்காது. சிறு குழுக்களாக இருந்தபோதே பெரும்பாலும் இணைந்து, பிறகுதான் கொத்துக்குள் வந்திருக்க வேண்டும்.

கொத்துக்குள் வரும்போது இன்னொன்றும் நடக்கிறது: கொத்தின் சூடான வாயு, விழும் கேலக்ஸியின் வாயுவை உருவிவிடுகிறது. ஏபெல் 85 கொத்தில் விழும் ஜேஓ201 கேலக்ஸி அப்படி வால் நீட்டிக் கிடப்பதையும், உருவிய வாயுவில் புது விண்மீன்கள் பிறப்பதையும், நம் ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளின் புறஊதாத் தொலைநோக்கியில் பார்த்து 2018-ல் எழுதினார்கள். அந்தக் கருவியை உருவாக்கியதில் முக்கியப் பங்கு, நம் காவலூர் வானாய்வகத்தை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனத்துடையது. இதில் போவது வாயு மட்டும்; தட்டிலுள்ள பழைய விண்மீன்கள் சுழன்றுகொண்டுதான் இருக்கும்.

உருவத்தை வைத்துக் கேலக்ஸியை வகை பிரிக்கும் பழக்கம் நம்மைப் போன்ற அமெச்சூர்களிடம் ஊறிப்போனது. 4550-ஐப் பார்த்தபின் அதில் எனக்கு நம்பிக்கை குறைந்துவிட்டது. வரும் ஏப்ரல் அமாவாசையை ஒட்டி வானம் தெளிந்தால் இந்த மூன்றையும் ஒரே வட்டத்தில் வையுங்கள். காகிதத்தில் வரைந்து, எது எப்படிச் சுழல்கிறது என்று பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். எட்டு அங்குலக் கண்ணாடி போதும்.