மிச்சமாக விட்ட மூன்று அங்குலம்

பெண்கள் ஆடைக்கு மாதிரி வெட்டுவது என் தொழில். எந்த வரைபடம் கைக்கு வந்தாலும் கண் நேராக இடுப்புக்குத்தான் போகும். மேலே எவ்வளவு துணி, கீழே எவ்வளவு துணி, இரண்டும் சேருமிடத்தில் அந்தக் கனத்தை எங்கே ஒளிப்பது என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகும். 1950ஐ ஒட்டிய ஆண்டுகளின் பாரிஸ் ஆடை வரைபடங்களில் நான் அதிகம் உட்கார்ந்து பார்த்தவை கிறிஸ்தியான் டியோருடையவை.

விரைவாகப் போட்ட கோடுகள் அவை. சரிந்த தோள், உயர்ந்த மார்பு, ஒடுங்கிய இடுப்பு, அங்கிருந்து விரியும் பாவாடை. முகமும் கையும் பேருக்குத்தான். உடல் மெய்யான பெண்ணைவிட நெடியது; அந்த நீளத்தை நம்பி அளவெடுத்தால் துணி கைவிட்டுவிடும். தையல் எங்கே வர வேண்டும், டக் எத்தனை பிடிக்க வேண்டும், துணியை நூல் நேராக வைப்பதா, கிராஸாக வைப்பதா என்று படம் சொல்வதே இல்லை. இதைக் குறை என்பவர்கள் உண்டு. எனக்கு அது மரியாதையாகப் படுகிறது. படத்தை வாங்கிக்கொள்பவர் தொழில் தெரிந்தவர் என்று நம்பி வரைந்தவை அவை. ரெனே க்ருவோ டியோருக்காக வரைந்த விளம்பரப் படங்கள் இன்னும் அழகானவைதான், ஆனால் அவற்றை வைத்துக்கொண்டு கத்தரியை எடுக்க முடியாது.

டியோரின் நம்பிக்கை அனுபவத்தில் விளைந்தது. 1930களில் வரைபடங்களை ஆடையகங்களுக்கு விற்றுப் பிழைத்தவர். பிறகு ரொபேர் பிகே, லூசியன் லெலோங் என்ற ஆடை வடிவமைப்பாளர்களிடம் வேலை பார்த்தவர். 1946இல் மொந்தேன் அவென்யூவில் 30ஆம் எண் கட்டடத்தில் சொந்த நிறுவனம் தொடங்கியபின், அவருடைய படங்கள் தொழில்நுட்பப் பொறுப்பிலிருந்த மார்கரித் காரே வழியாகத் தையல்கூடத் தலைவிகளுக்குப் போயின. அவர்கள் முதலில் வெள்ளைப் பருத்தித் துணியில் தைத்துப் பார்ப்பார்கள். நிறமும் மினுக்கமும் இல்லாத துணியில் வெட்டின் குற்றம் எதுவும் மறையாது.

1947 பிப்ரவரி 12 அன்று காட்டிய முதல் தொகுப்பில் 'ஷெரி' என்றோர் ஆடை. நீலப் பட்டு டாஃபெட்டா. இப்போது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இடுப்புக்குக் கீழே புடைத்து இறங்கும் வடிவத்தைக் காகிதத்தில் காட்ட ஒரு வளைகோடு போதும். துணியில் அதை நிறுத்த வேண்டுமே! உள்ளே திண்டு வைப்பது எவருக்கும் தோன்றும் வழி. இங்கே துணியைக் குறுக்கே திருப்பி, அதன் பன்னாவையே, அதாவது கரைக்குக் கரை உள்ள அகலத்தையே, பாவாடையின் நீளமாக்கியிருக்கிறார்கள். ஒரு கரை இடுப்புப் பக்கம், மறு கரை கீழே. இடுப்பில் மிஞ்சிய சுமார் 3 அங்குலத்தை வெட்டி எறியவில்லை. இஸ்திரி அழுத்தாத மடிப்புகளோடு உட்புறம் திருப்பி விட்டிருக்கிறார்கள். அந்த மிச்சம் மெத்தைபோல உட்கார்ந்து பாவாடையை வெளியே தள்ளிப் பிடிக்கிறது. புடைப்பைத் தருவதற்கு வேறு துணி தேடாமல், அதே துணியைக் கொண்டே தந்த கையை நினைத்து நினைத்து வியக்கிறேன்.

இன்று எனக்கு வரும் படங்கள் கணினியில் வரைந்தவை. ஒவ்வொரு தையலும் அளவோடு குறித்திருக்கும். வேலை சுலபம், தவறும் குறைவு. தையலுக்கு விட வேண்டிய துணி அரை அங்குலம் என்று ஓரத்தில் எழுதியிருக்கும். ஷெரிக்கும் அப்படி எழுதி வந்திருந்தால், அந்த மூன்று அங்குலத்தில் இரண்டரை அங்குலம் வெட்டுமேசைக்குக் கீழே போயிருக்கும்.