நல்ல ரிசல்ட் வந்தால் என்ன செய்வது?

புற்றுநோய் ஆய்வுக்கு வரும் பிள்ளைகளில் பலருக்கு வீட்டில் ஒரு இழப்பு இருக்கிறது. பாட்டி, மாமா, சிலருக்கு அம்மா. ஏன் இந்தத் துறை என்று கேட்டால் தயங்கித் தயங்கிச் சொல்வார்கள். ராத்திரி பத்து மணிக்கு லேபுக்கு வந்து செல்லுக்கு மீடியம் மாற்றுவதற்குத் தெம்பு தருவது அந்த இழப்பு கொடுத்த வேகம்தான். ஆனால், மருந்து வேலை செய்ய வேண்டும் என்று ஏங்குகிற கண்ணுக்கு அது வேலை செய்வதாகவே தெரியும். ஆகவே நான் சொல்லிக்கொடுக்க முயல்வதெல்லாம் ஒன்றுதான்: தனக்குப் பிடித்த முடிவை, வேறு யாரும் தொடுவதற்கு முன் தானே உடைத்துப் பார்ப்பது.

சேர்ந்தவுடன் யார் கையிலும் மருந்தைக் கொடுப்பதில்லை. முதலில் செல்லை வளர்க்கட்டும், தினமும் மைக்ரோஸ்கோப்பில் பார்க்கட்டும். எம்சிஎஃப்-7 செல்கள் ஒன்றையொன்று ஒட்டிக் கூட்டம் கூட்டமாக வளரும். எம்டிஏ-எம்பி-231 நீண்டு, தனித்தனியாகப் பரவும். இரண்டும் மார்பகப் புற்றுநோய்தான், ஆனால் குணம் வேறு. சிவப்பு மீடியம் மஞ்சளானால் அமிலம் கூடியிருக்கிறது, செல் நெருக்கடியில் இருக்கிறது. பேசேஜ் எண் (இதுவரை எத்தனை முறை பிரித்து வளர்த்தோம்) என்ன, என்றைக்குப் பிரித்தோம், எப்படித் தெரிகிறது என்பதெல்லாம் அன்றன்றே நோட்டில் ஏற வேண்டும். நாளைக்கு எழுதிக்கொள்ளலாம் என்றால் நாளைக்கு எழுதுவது நினைவைத்தான், பார்த்ததை அல்ல.

அடுத்த கேள்வி, ஃபிளாஸ்க்கில் இருப்பது லேபிளில் எழுதியிருக்கும் செல்தானா? 1951-இல் பால்டிமோரில் ஹென்றியெட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கட்டியிலிருந்து, அவருடைய ஒப்புதல் கேட்காமலே எடுக்கப்பட்ட ஹீலா செல்கள் உலகெங்கும் பரவி, மற்றச் செல்களோடும் கலந்தன. தனித்தனி என்று நம்பப்பட்ட 18 செல் வரிசைகளில் ஹீலாவுக்கு உரிய நொதியின் அடையாளம் இருப்பதை 1966-இல் ஸ்டான்லி கார்ட்லர் என்ற ஆய்வாளர் சொன்னார். கேட்டவர்களில் பலருக்கு அது ருசிக்கவில்லை. எம்டிஏ-எம்பி-435 என்ற இன்னொரு செல் வரிசையை மார்பகப் புற்றுநோய் என்று எண்ணிப் பல ஆண்டுகள் ஆய்வு நடந்தது. மரபணுச் சோதனையில் அது மெலனோமா என்று தெரிந்தது. செல்லின் டிஎன்ஏ அடையாளத்தைச் சரிபார்க்கும் எஸ்டிஆர் சோதனை செய்யாமல் எங்கள் லேபில் எந்த வேலையும் தொடங்காது.

செல்லில் தொற்றும் மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியா, இந்தக் கலப்பைவிடத் தந்திரமானது. மீடியம் கலங்காது, சாதாரண மைக்ரோஸ்கோப்பில் தெரியாது. செல்சுவரே இல்லாததால் பென்சிலினும் அதை ஒன்றும் செய்யாது. உள்ளே இருந்துகொண்டே செல்லின் போக்கை மாற்றிவிடும். பிசிஆர் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தால்தான் பிடிபடும்.

மூலிகைச் சாறுகளைப் புற்றுநோய் செல்லில் சோதிப்பது நம் பக்கம் அடிக்கடி நடக்கும் வேலை. ஒரு மாணவி ஓடிவந்தாள். "சார், சூப்பரா கொல்லுது!" 96 குழிகள் கொண்ட பிளேட்டைப் பார்த்தேன். உயிருள்ள செல்லைக் காட்டும் ஊதா நிறம், சாற்றின் அளவு கூடக் கூட அழகாக வெளுத்துக்கொண்டே போயிருந்தது. "இதுல டிஎம்எஸ்ஓ எவ்வளவும்மா?" என்றேன். சாற்றை அதில்தான் கரைத்திருந்தாள். சாற்றின் அளவு கூடியபோது, தானே செல்லைக் கொல்லக்கூடிய அந்தக் கரைப்பானும் கூடியிருந்தது. கன்ட்ரோல் குழிகளிலோ வெறும் மீடியம். எல்லாக் குழியிலும் டிஎம்எஸ்ஓவைச் சமமாக்கி, சாறு இல்லாமல் அது மட்டும் போட்ட குழிகளையும் வைத்து, புற்றில்லாத செல்லிலும் சேர்த்துத் திரும்பச் செய்தாள். கொல்லும் திறனில் பெரும்பகுதி காணாமல் போயிற்று. அடுத்த லேப் மீட்டிங்கில் இரண்டு வரைபடங்களையும் அருகருகே வைத்து அவளே விளக்கினாள். அன்றைக்கு அவள் விஞ்ஞானி ஆனாள் என்பேன்.

இங்கேதான் கைடின் பொறுப்பு வருகிறது. முடிவு கலைந்துபோன அன்று கைடின் முகம் வாடினால், பிள்ளைகள் அதை உடனே படித்துவிடுவார்கள். அடுத்த முறை அந்த முகம் மலர்வதற்கு ஏற்ற முடிவைக் கொண்டுவருவார்கள்; பொய் சொல்ல வேண்டியதில்லை, பிடிக்காத பிளேட்டை ஒதுக்கிவைத்தாலே போதும். 2012-இல் பெக்லி, எல்லிஸ் என்ற இரு ஆய்வாளர்கள் எழுதினார்கள்: புற்றுநோய்த் துறையில் பெயர்பெற்ற 53 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்ததில் ஆறுதான் தேறின. 2021-இல் முடிந்த இன்னொரு பெரிய முயற்சி, 23 கட்டுரைகளிலிருந்து 50 சோதனைகளைத் திரும்பச் செய்தது. விளைவின் அளவு பெரும்பாலும் மூலத்தில் சொன்னதைவிட மிகக் குறைவாகவே இருந்தது. இதையெல்லாம் மோசடி என்று சொல்லிவிட முடியாது. அவசரமும் ஆசையும் போதிய கன்ட்ரோல் இல்லாததுமே பல இடங்களில் போதுமான காரணம்.

அதனால் எங்கள் லேபில் ஒரு விதி. முக்கியமான முடிவு எதுவானாலும், கட்டுரை வெளியே போகும் முன் இன்னொருவர் திரவ நைட்ரஜனிலிருந்து செல்லைப் புதிதாக எடுத்து, எந்தக் குழாயில் மருந்து என்று தெரியாமலே திரும்பச் செய்ய வேண்டும். இதற்குச் சில வாரங்கள் பிடிக்கும். ஃபெலோஷிப் முடியப்போகிற பிள்ளைகளுக்கு அது பெரிய பாரம், எனக்கும் அது தெரியும். ஆனால் நாம் எழுதுவதை நம்பி யாரோ ஒருவர் அடுத்த ஆய்வைத் தொடங்குவார். அதன் தொடர்ச்சியாக என்றாவது ஒரு நோயாளி, தன்னிடம் மிச்சமிருக்கும் மாதங்களை ஒரு புது மருந்தின் சோதனைக்குக் கொடுக்க முன்வருவார். அவருடைய மாதங்களைப் பணயம் வைத்து நம்முடைய வாரங்களை மிச்சம் பிடிக்க நமக்கு உரிமை இல்லை.