மணப்பாட்டில் ஒரு சாவிக்கொத்து

காரைக்குடிக்காரனுக்கு எதற்கு இன்னொரு ஊர் மாளிகை என்று வீட்டில் கேட்டார்கள். எனக்கும் உள்ளூர அதே திமிர்தான். ஆனாலும் திருச்செந்தூரைத் தாண்டி மணப்பாடு போய்ச் சேர்ந்தேன்.

தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களாவைத் தூக்கிவந்து கடற்கரையில் வைத்ததுபோல இருந்தது அந்த வீடு. உருண்டைத் தூண்கள், வளைவு ஜன்னல்கள், படியேறிப் போகும் உயரத்தில் திண்ணை. பின்னால் தோட்டத்துக்குப் பதில் மணலும் பனையும்.

பூட்டியிருந்தது. பக்கத்துச் சந்திலிருந்து சாவிக்கொத்தோடு ஒரு அம்மாள் வந்தார். "வணக்கம் ஆச்சி" என்றேன். எங்கள் பக்கம் அது மரியாதை.

"ஆச்சியா? எனக்கு இன்னும் பேரப்பிள்ளையே பொறக்கலய்யா!"

சமாளிக்க வேண்டி, "முத்துக்குளிச்ச காசுல கட்டுனதா?" என்றேன். அடுத்த அடி.

"முத்தா? அது என்னைக்கு எங்களுக்கு வந்துச்சு? இது கொழும்புக் காசு."

உண்மைதான். முத்துச்சலாபத்தின் லாபம் போர்ச்சுகீசியர், 1658-க்குப் பின் டச்சுக்காரர், பிறகு ஆங்கிலேயர் என்று ஆண்டவர்கள் கைக்கே போனது. மூழ்கியவனுக்குச் சிப்பியில் ஒரு பங்கு. எதிர்க்கரையில், இலங்கையின் அரிப்பு என்ற ஊரில், சலாபத்தைப் பார்வையிட ஆங்கிலேய ஆளுநர் பிரெடெரிக் நார்த் ஒரு மாளிகையே எழுப்பினார். அதைக் கடல் அரித்துக்கொண்டிருக்கிறது. மணப்பாட்டுப் பரதவர்கள் வீடு கட்டியது கொழும்பில் கடை வைத்து. 1948-இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் வந்தபின் அந்த வழியும் குறுகியது. எங்கள் ஊர்க்காரர்களின் பர்மா வியாபாரம் 1942-இல் கைவிட்டுப் போனதைச் சொன்னேன். "அப்போ நீங்களும் எங்க மாதிரிதானா" என்றார். திமிர் கொஞ்சம் இறங்கியது.

உள்ளே கூடத்துச் சுவரில் ஒரு முழம் உயரத்துக்கு சிமெண்ட் ஒட்டு. அதற்கு நேர் மேலே சுண்ணாம்புப் பூச்சு உப்பி, வெள்ளை வெள்ளையாகப் பூத்து, தொட்டால் மாவாக உதிர்ந்தது. முழுச் சுவருக்கும் சிமெண்ட் பூசிவிடலாமே என்றேன். அந்த அம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"இதையேதான் மொதலாளி மகனும் சொன்னாவ. பூசுனப்புறம்தான் உப்பு மேல ஏறிச்சு. சுண்ணாம்பு ஈரத்தை வெளிய விட்டுரும். சிமெண்ட் அடைச்சா அது எங்க போவும்?"

விரலால் சுவரை வழித்து என் உள்ளங்கையில் வைத்து நக்கிப் பார்க்கச் சொன்னார். நக்கினேன். கடல்.

பிறகு திண்ணையில் உட்காரவைத்துக் கருப்பட்டிக் காபி கொடுத்தார். உப்பு நாக்கில் அது இருமடங்கு இனித்தது. செப்டம்பர் 14, திருச்சிலுவைத் திருவிழாவுக்கு மட்டும் வீட்டுக்காரர்கள் வருவார்களாம். மற்ற நாளெல்லாம் பகலில் ஜன்னல்களைத் திறந்து, பொழுது சாயும்முன் மூடுவது இவர் வேலை.

"ஒங்க வீட்டுச் சாவி யாருகிட்ட இருக்கு?"

"வாட்ச்மேன் ஒருத்தர் இருக்கார்."

"அவரு பேரு?"

தம்பிக்குப் போன் போட்டேன். அவன் எடுக்கவில்லை.