ஆக்ரன், சர்ச் பேஸ்மெண்ட், கேவலமான காபி

ரெண்டு மாசமா ஆளையே காணோமே, தீசிஸா இல்ல காதலான்னு நண்பர் ஒருத்தர் கேட்டிருந்தார். ரெண்டும் இல்லீங்க. குடி.

சொல்ல கூச்சமாத்தான் இருக்கு. இங்க வந்த புதுசுல வெள்ளிக்கிழமைக்கு ரெண்டு பியர். அப்புறம் லேப்ல சாம்பிள் சொதப்பினா விஸ்கி, சொதப்பலைன்னா அதுக்கும் விஸ்கி. ரூம்மேட் தூங்கினப்புறம் தனியா உக்காந்து குடிக்க ஆரம்பிச்சது எந்த மாசம்னு எனக்கே ஞாபகமில்லை. திண்டுக்கல்ல எங்கப்பா குடிச்சா அவர் குடிகாரர். ஒஹையோவுல நான் குடிச்சா அது ஸ்ட்ரெஸ். இப்படித்தான் கணக்கு வச்சிருந்தேன்.

தங்கச்சி நிச்சயதார்த்தம் ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு. எனக்கு காலைல எட்டரை. வீடியோ கால்ல வரேன்னு சொல்லியிருந்தேன். எழுந்தப்ப மணி பன்னெண்டே கால். போன்ல 23 மிஸ்டு கால். அப்பா அன்னிக்கு ஒரு சொட்டு தொடாம, வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டு, தட்டு மாத்துற வரைக்கும் போனைக் கையில பிடிச்சுக்கிட்டே நின்னாராம். "ஜுரம்மா"ன்னு அம்மாகிட்ட சொன்னேன். நம்பிட்டாங்க. அதுதான் தாங்கலை.

அன்னிக்கு ராத்திரி நெட்ல தேடினப்ப முதல்ல வந்தது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். நான் பாலிமர் படிக்கத்தான் ஆக்ரன் வந்தேன். குட்இயர், ஃபயர்ஸ்டோன்னு ரப்பருக்குப் பேர்போன ஊர். ஆனா இந்த ஏஏ பிறந்ததும் இதே ஊர்லதான்னு அப்பத்தான் தெரிஞ்சுது! 1935 மே மாசம், நியூயார்க்லேர்ந்து பிசினஸ் விஷயமா வந்த பில் வில்சன், வந்த காரியம் கெட்டுப்போய் மேஃப்ளவர் ஹோட்டல் லாபியில நிக்கிறார். குடியை விட்டு அஞ்சு மாசம்தான் ஆகுது. ஒரு பக்கம் பார், இன்னொரு பக்கம் போன். போனை எடுத்து சர்ச்காரங்களைக் கூப்பிட்டு, பேச இன்னொரு குடிகாரர் கிடைப்பாரான்னு கேட்டிருக்கார். அப்படி கிடைச்சவர்தான் டாக்டர் பாப் ஸ்மித். சேர்த்து வச்சது ஹென்ரியட்டா சைபர்லிங், குட்இயர் நிறுவனரோட மருமகள் (ரப்பர் இங்கயும் வந்துருச்சு பாருங்க). கால் மணி நேரம்தான்னு கண்டிஷன் போட்டுட்டு வந்த டாக்டர், மணிக்கணக்கா பேசிட்டுத்தான் போனாராம். அவர் வீடு ஆர்ட்மோர் அவென்யூவுல இப்ப மியூசியம். அந்தப் பக்கம் எத்தனையோ தடவை பஸ்ல போயிருக்கேன்.

மீட்டிங்ல ரெண்டு வகை. ஓப்பன்னா யாரும் போய் உக்காரலாம். க்ளோஸ்டுன்னா குடியை விடணும்னு நினைக்கிறவங்களுக்கு மட்டும். நான் ஓப்பனுக்குப் போனேன், 'சும்மா பாக்கத்தான்'னு எனக்கே சொல்லிக்கிட்டு. சர்ச்சை ரெண்டு சுத்து சுத்திட்டு மூணாவது சுத்துலதான் படி இறங்கினேன். வட்டமா மடக்கு நாற்காலி, ஒரு பெரிய காபி அண்டா. காபி கேவலம். ஃபாரம் இல்லை, ஃபீஸ் இல்லை. இந்த ஊர்ல ஐ-20 கேக்காத முதல் இடம்! கடைசில ஒரு கூடை சுத்தி வரும், இஷ்டம்னா ஒரு டாலர் போடலாம், புதுசா வந்தவங்க போடவேண்டாம்னாங்க.

யார் என்ன பேசினாங்கன்னு எழுதமாட்டேன், அங்க கேட்டது அங்கயே இருக்கணும். என் முறை வந்தப்ப "பாஸ்"ன்னேன். ரெண்டாவது வாரமும் பாஸ். மூணாவது வாரம் பேரைச் சொல்லி, அந்த வார்த்தையையும் சொன்னேன். சுத்தி இருந்தவங்க எல்லாரும் என் பேரைக் கொலை பண்ணி ஹாய் சொன்னாங்க. யாரும் ஸ்பெல்லிங் கேக்கலை.

பிரார்த்தனை, கடவுள்னு நிறைய வருது. எனக்கு அது இன்னும் ஒட்டலை. அந்த நேரத்துல வாயை மூடிட்டு நிப்பேன், யாரும் ஒண்ணும் சொல்லலை. இன்னொண்ணு, தினமும் நிறைய குடிக்கிறவங்க திடீர்னு நிறுத்தினா வலிப்பு வரைக்கும் போகலாம். அதனால டாக்டரைத்தான் முதல்ல பாக்கணும். நானும் பாத்தேன்.

பதினோராவது நாள் குடிச்சுட்டேன். பெரிசா காரணம் எதுவும் இல்லை, மழை, ரூம்மேட் ஊர்ல இல்லை. மறுநாள் போய் சொன்னா திட்டுவாங்கன்னு பாத்தேன். முதல் நாளுக்கான அந்தக் காசை மறுபடி கையில கொடுத்து கை தட்டுறாங்க. அழுதுட்டேன்.

போன வாரம் அம்மா கோயிலுக்குப் போன நேரமா பாத்து அப்பாவைக் கூப்பிட்டேன். ஜுரம் இல்லப்பா அன்னிக்குன்னு ஆரம்பிச்சு எல்லாத்தையும் சொன்னேன். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. லைன் கட்டாயிடுச்சோன்னு நினைச்சேன்.

"எத்தன நாளாச்சு?"

"பத்தொம்பது."

"நம்ம பக்கம் இருக்காடா இந்த மாதிரி?"

தமிழ்நாட்டுல தமிழ்லயே நடக்குதுப்பான்னேன். ம்ம்னார். அம்மாகிட்ட சொல்லாதடான்னார். எதை, என் விஷயத்தையா, அவர் கேட்டதையான்னு நான் கேக்கலை. திண்டுக்கல்லுக்குப் பக்கத்துல எங்க, என்னிக்குன்னு ராத்திரி தேடி எடுத்து, அவர் வாட்ஸப்புக்கு அனுப்பிட்டேன். ப்ளூ டிக் விழுந்திருக்கு. பதில் வரலை.